முகத்தைப் படமெடுத்தால் தொழில் பிழைக்குமா?

கைவினை ஒன்று அழியும் நிலையில் இருக்கிறதென்று கேள்வியுற்றவுடன், நகரத்திலிருந்து நிழற்படக் கருவியோடு சிலர் புறப்படுவது இன்று வழக்கமாகிவிட்டது. நரைத்த தலை, சுருங்கிய தோல், காய்ப்பேறிய விரல்கள், பலகணி வழியே விழும் ஒளி – இவை போதும். படம் அழகாக அமைந்துவிடும். பார்த்தோர் 'அந்தோ!' என்பர், மறுநாள் வேறொரு படத்தைப் பார்ப்பர். படத்திலிருந்த முதியவரோ முன்போலவே தம் பட்டறையில் தனியே அமர்ந்திருப்பார்.

தஞ்சை மாவட்டத்து நரசிங்கம்பேட்டையை எடுத்துக்கொள்ளலாம். ஆடுதுறைக்கு அருகிலுள்ள இச் சிற்றூர் நாயனம் செய்தற்குப் பேர்பெற்றது. திருவாவடுதுறை இராசரத்தினத்தின் (1898–1956) பொருட்டு, இவ்வூர் அரங்கநாதன் என்னும் கம்மியர், குட்டையான பழைய திமிரி நாயனத்தை மாற்றி, நீண்ட பாரி நாயனத்தை ஆக்கித் தந்தார். கூர்த்தொலித்த கருவி தாழ்ந்து கனிந்தது. உழை நரம்பு செம்மையுற்றது. இராசரத்தினத்தின் பெயரை அறிந்தோர் பல்லாயிரவர். அரங்கநாதனின் பெயரை அறிந்தோர் எத்தனை பேர்? ஊதியவரை ஏத்திய நாடு, ஆக்கியவரை மறந்தது. 2022-ஆம் ஆண்டில் நரசிங்கம்பேட்டை நாயனத்திற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்குக் காப்பு வந்தது, நன்றே. ஆனால் அத்தொழிலைச் செய்வன விரல்விட்டு எண்ணத்தக்க சில வீடுகளே. பெயரைக் காத்துக் கையை இழந்தால் எஞ்சுவது என்ன?

அத்தொழில் எளிதன்று. நாயனத்திற்குரியது ஆச்சா மரம். பச்சை மரம் உதவாது, வெடிக்கும், வளையும். இடிபட்ட பழைய வீடுகளில் தூணாகவும் விட்டமாகவும் பல்லாண்டு நின்று, ஈரமெல்லாம் வற்றிய மரமே வேண்டும். அதனைக் கடைந்து உருட்டி, மேலே குறுகிக் கீழே விரியுமாறு உள்ளே துளைத்தால் அது உலவு. அதன் அடியில் பொருத்தும் விரிந்த வாய் அணசு. விரலுக்கு ஏழு துளைகள். அவற்றின் கீழ் ஒலியைச் சீர்செய்ய ஐந்து துளைகள். மேலே கெண்டை, அதில் செருகுவது கொறுக்கைத் தட்டையால் ஆன சீவாளி. துளை மயிரிழை பிறழினும் நரம்பு பிறழும். அளவுகோல் ஓரளவே உதவும். முடிந்த முடிபைச் செவியே சொல்லும். மரத்தைத் தட்டி அதன் தகுதி அறியும் அச் செவியை எந்த நிழற்படம் காட்டும்? மரம் முதிர்ந்தால் மதிப்புப் பெறுகிறது. அம் மரத்தை அறிந்தவர் முதிர்ந்தால் காட்சிப் பொருளாகிறார்!

இங்குத் தமிழ்ப் பற்றாளர் தம் நெஞ்சைத் தாமே வினவிக்கொள்ள வேண்டியதும் ஒன்றுண்டு. உலவு, அணசு, கெண்டை, சீவாளி, கடைசல் – இச் சொற்களை எந்தக் கலைச்சொற் குழுவும் ஆக்கித் தரவில்லை. பட்டறையே வழிவழியாகக் காத்து வந்தது. அறைக்குள் அமர்ந்து புதுச்சொல் புனைவோர், பட்டறை வாயிலில் வாழும் பழஞ்சொல்லைத் தேடிச் சென்றது குறைவு. முதியவர் மறைந்தால் மறைவது ஓர் உயிர் மட்டுமன்று. அவர் நாவிலிருந்த சொற்களும் உடன் மறையும். அகரமுதலியில் இடம்பெற்ற சொல்லும், அதனைச் சொல்லி வேலை வாங்கும் வாயில்லாவிடின் உலர்ந்த பூவே. கையும் சொல்லும் இரட்டைப் பிறப்பு. ஒன்று மாய மற்றொன்று தனித்து வாழாது.

படமெடுத்தல் தீதென்பது கருத்தன்று. படம் முகத்தோடு நின்றுவிடுவதே தீது. எடுப்போர் கையை எடுக்கட்டும். மரந்தேர்வது முதல் ஒலி சரிபார்ப்பது வரை ஒவ்வொரு நிலையையும் எடுக்கட்டும். ஒவ்வொரு கருவிக்கும் செயலுக்கும் முதியவர் வழங்கும் பெயரை அவர் வாய்மொழியாகவே எழுதிக்கொள்ளட்டும். அவர் வேலையை நிறுத்தி நின்ற நாளுக்குரிய கூலியைக் கொடுத்து வரட்டும். எடுத்த படத்தின் படி ஒன்று அவர் வீட்டிற்கும் போய்ச் சேரட்டும்.

ஆயினும் தொழிலைக் காப்பது படமன்று, வாங்குவோரும் பயில்வோருமே. திருமணத்தில் பதிவு செய்த நாயன ஒலியை ஓடவிட்டு மங்கலம் முடிப்பவன், ஊதுபவனின் பிழைப்பை மட்டுமா கெடுக்கிறான்? அவனுக்குக் கருவி செய்பவனின் உலையையும் அவிக்கிறான். நேரில் ஊதுவோரை அழைப்பதே அவ்விருவருக்கும் செய்யும் முதல் உதவி. மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் நாயனம் ஊதக் கற்பிக்கின்றன. அங்ஙனமே நாயனம் ஆக்கக் கற்போர்க்கும் அரசு உதவித்தொகை தருதல் வேண்டும். உண்ண வழியிருந்தால் இளைஞன் பட்டறைக்கு வருவான். தந்தையின் வறுமையைக் கண்டு வளர்ந்த மகன் வேறு வேலைக்குப் போவது அவன் குற்றமன்று. அவனைப் போகவிட்ட குமுகாயத்தின் குற்றம்.

முதியவர் அருகில் ஓர் இளைஞன் அமர்ந்து துளையிடக் கற்கும் காட்சியே தமிழர் எடுக்கவேண்டிய நிழற்படம். அப்படம் இன்னும் எடுக்கப்படாமலே இருக்கிறது.