வாய் புதுசு, வேகம் பழசு



முகூர்த்த நாட்களில் திருத்தணி மண்டபங்களில் இப்போது செல்போனிலேயே கல்யாணத்தை 4கே வீடியோவாக எடுத்துவிடுகிறார்கள். தொல்லை அதற்குப் பிறகுதான். 100 ஜிபியைக் கேபிள் வழியே கம்ப்யூட்டருக்கு ஏற்ற முக்கால் மணி நேரம் ஆகிறது. பல போன்களில் இன்னமும் இருப்பது 2000-ஆம் ஆண்டில் வந்த யுஎஸ்பி 2.0, நொடிக்கு 480 மெகாபிட்தான் அதன் உச்சம். நல்ல கேபிள் வாங்கினாலும் பலனில்லை.

2023-இல் ஐபோன் 15-க்கு டைப்-சி என்ற புது கேபிள் வாய் வந்தது. ஆனால் 10 ஜிகாபிட் வேகம் ப்ரோ மாடல்களுக்கு மட்டும். சாதா மாடலுக்கு அதே 480. அதுவும் நம் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் தயாரான போன்! நடுத்தர விலை ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் இதே கதைதான். சார்ஜ் ஏறும் வேகத்தை மட்டும் பெட்டி மேல் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள்.

'கிளவுடில் ஏற்று' என்பது சுலபமான யோசனை. தினம் 2 ஜிபி பேக் போடுகிறவர் 100 ஜிபியை எப்படி ஏற்றுவார்?

டைப்-சியைப் பொதுவாக்க முனைந்த மத்திய அரசு, கேபிள் வழி டேட்டா வேகத்தையும் பெட்டியிலேயே அச்சிடும்படி நிறுவனங்களுக்கு உத்தரவிட வேண்டும்.

— வாசகர், கே.ஜி.கண்டிகை, திருத்தணி வட்டம்