முகாம் பிள்ளைகளுக்கும் கல்லூரிக் கதவு திறக்கட்டும்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே மொட்டமலையில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. அங்கே வளரும் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில், ஒரே பாடப் புத்தகத்தைப் படித்து, ஒரே பொதுத்தேர்வை எழுதுகிறார்கள். பிளஸ் டூ முடிவு வரும் நாள்வரை பெரிய வேறுபாடு தெரிவதில்லை. கல்லூரிக்குப் பணம் கட்ட வேண்டிய நேரத்தில்தான் 'நீ எந்த நாட்டுக் குடிமகன்?' என்ற கேள்வி குறுக்கே வந்து நிற்கிறது. வங்கியில் கல்விக் கடன் பெற இந்தியக் குடியுரிமை வேண்டும். மத்திய அரசின் உதவித்தொகைகளுக்கும் அதே நிபந்தனைதான். கட்டுமான வேலைக்கும் பெயிண்ட் அடிக்கவும் போய் அன்றாடக் கூலி வாங்கும் தகப்பனால் பொறியியல் கல்லூரிக் கட்டணத்தை எங்கிருந்து புரட்ட முடியும்?

இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இலங்கையைப் பார்த்ததே இல்லை. 1983 ஜூலைக் கலவரத்திலும், 1990இல் மீண்டும் மூண்ட போரிலும் உயிர் தப்பிப் படகேறியவர்களின் மகன்களும் பேரன்களும் இவர்கள். விருதுநகர் மாவட்டத்தின் மண்ணிலேயே பிறந்தவர்கள். ஆனால் 1987 ஜூலை 1க்குப் பிறகு இந்தியாவில் பிறந்தவர், பிறப்பை மட்டும் காட்டிக் குடியுரிமை பெற முடியாது. பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு விதி இன்னும் இறுகியது: பெற்றோரில் ஒருவர் இந்தியராகவே இருந்தாலும், மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' என்றால் குடியுரிமை இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினருக்கு வழிவிட்டது. இலங்கையை அது கண்டுகொள்ளவில்லை. இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழர் குடும்பங்களின் நிலை இன்னும் கொடுமை. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை ஏற்பதாக இந்தியா ஒப்புக்கொண்டது. அந்த மக்களின் வழிவந்தவர்களும் இன்று முகாம்களில் அகதி அட்டையோடு இருக்கிறார்கள்.

தமிழ்நாடு சும்மா இருக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். எம்.ஜி.ஆர். ஆட்சியில் ஏதிலி மாணவர்களுக்குத் தொழிற்கல்லூரிகளில் தனி இடங்கள் ஒதுக்கப்பட்டன. 1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பின் அந்தச் சலுகை பறிபோனது. யாரோ செய்த கொலைக்கு முகாமில் இருந்த பள்ளிப் பிள்ளைகள் விலை கொடுத்தார்கள். 2021 ஆகஸ்ட் 27 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் ரூ.317.40 கோடிக்கான திட்டங்களை அறிவித்தார். கலை அறிவியல் மாணவர்களின் உதவித்தொகை ரூ.3,000 என்பதிலிருந்து ரூ.12,000 ஆனது. இளநிலைத் தொழிற்படிப்புக்கு ரூ.5,000 என்பது ரூ.20,000 ஆனது. பொறியியலில் மதிப்பெண் அடிப்படையில் முதல் 50 பேருக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்றும் சொல்லப்பட்டது. நல்ல அறிவிப்பு, மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் ஐம்பத்தோராவது பிள்ளை என்ன செய்யும்? அந்த அறிவிப்பு வந்தபோது மாநிலம் முழுவதும் 108 முகாம்கள் இருந்தன. அவற்றில் வாழ்ந்தவர்கள் 58,822 பேர். முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிந்து வாழ்ந்தவர்கள் 34,087 பேர். அத்தனை பேருக்கும் நடுவே ஐம்பது என்று கோடு கிழிப்பது, அரை மதிப்பெண் குறைந்த மாணவியைத் துணிக்கடை வேலைக்கு அனுப்பிவிடும். ராஜபாளையத்திலும் கிருஷ்ணன்கோவிலிலும் பொறியியல் படிக்க இடம் இருக்கிறது. இவ்வளவு அருகில் இருந்தும் அந்தப் படிப்பு அவளுக்கு எட்டாமல் போக வேண்டியதில்லை.

சொந்த மக்களுக்கே பணம் போதவில்லை, இவர்களுக்கு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். ஏழைக் குடும்பங்கள் கேட்கும் நியாயமான கேள்விதான். அதை ஒதுக்கித் தள்ள நாம் தயாரில்லை. ஆனால் ரூ.317 கோடி அறிவிப்பில் கல்விக்கென்று சொல்லப்பட்டது ரூ.1.25 கோடிதான். இதை ஐந்து மடங்காக்கினாலும் மாநில வரவுசெலவுத் திட்டத்தில் யாருடைய பங்கும் குறையப் போவதில்லை. பன்னிரண்டு ஆண்டு பள்ளிச் செலவை ஏற்கெனவே நாம் செய்துவிட்டோம். கடைசிப் படியில் கைவிட்டால் அந்தச் செலவும் வீண். இவர்கள் நாளை இலங்கைக்கே திரும்பினாலும் பட்டம் அவர்களோடு போகும், அங்கே குடும்பத்தைக் காப்பாற்றும்.

அமெரிக்காவில் ஆவணமில்லாத குடியேறிகளின் பிள்ளைகள் குறித்து இதே விவாதம் நடக்கிறது. உள்ளூர் மாணவருக்கான குறைந்த கட்டணத்தை அவர்களுக்கு முதலில் 2001இல் கொடுத்த மாநிலம் டெக்சாஸ். 2025 ஜூனில் வழக்கொன்றில் அந்த உரிமை பறிபோனது. கலிபோர்னியா மாநில நிதியுதவியையே கொடுக்கிறது. மாநிலத்துப் பள்ளிகளில் படித்தவர்களா என்பதே அங்கே அளவுகோல். நமக்கும் அந்த அளவுகோல் போதும். தமிழ்நாட்டுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்துப் பிளஸ் டூ தேறியவர் எவராயினும், முகாமுக்குள் இருந்தாலும் வெளியே இருந்தாலும், மாநில அரசின் கல்லூரி உதவிகள் அனைத்துக்கும் தகுதியானவர் என்று ஒரே அரசாணையில் சொல்லிவிடலாம். இதற்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை.

டெல்லி செய்ய வேண்டியது வேறு. 2015 ஜனவரி 9 வரை தஞ்சமடைந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய உள்துறை விலக்கு அளித்தது. தண்டிக்க வேண்டியவர்கள் அல்ல என்று ஒப்புக்கொண்ட பிறகு, கல்விக் கடனுக்கும் உதவித்தொகைக்கும் தகுதியற்றவர்கள் என்று சொல்வது பொருந்தாது. வங்கிகளின் கல்விக் கடன் விதியில் பதிவுபெற்ற ஏதிலியரையும் சேர்க்க வேண்டும்.

நம் பகுதியின் ஆலை அதிபர்களும் கல்லூரி நிர்வாகங்களும் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பஞ்சாலைகளில் ஈட்டியதைக் கொண்டு பள்ளிகளையும் கல்லூரிகளையும் எழுப்பிய ஊர் ராஜபாளையம். மொட்டமலைப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுக்குச் சில இடங்களைக் கட்டணமின்றி ஒதுக்கட்டும். ஐம்பது என்ற வரம்பை நீக்கும் அரசாணையைத் தமிழக அரசு அடுத்த கலந்தாய்வு தொடங்கும் முன் வெளியிட வேண்டும்.