பொட்டலம் தரலாம், பிள்ளை வரம் தர முடியாது



மிளகு, சீரகம் வாங்க வருகிறவர்கள் இப்போது அமுக்கரா பொடியும் தண்ணீர்விட்டான் கிழங்கும் சேர்த்துக் கேட்கிறார்கள். "மருமகளுக்குக் கல்யாணமாகி மூணு வருஷமாச்சு அண்ணாச்சி. இதைப் பால்ல கலந்து குடுத்தா கரு தங்குமாமே?" என்று ஓர் அம்மா கேட்கும்போது, கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நாம் என்ன சொல்கிறோம்? "கண்டிப்பா தங்கும், வாங்கிட்டுப் போங்க" என்பது நம்மில் பலருக்கும் பழகிப்போன பதில். அந்தப் பதிலைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

இந்தச் சரக்குகள் நமக்குப் புதியவை அல்ல. அசுவகந்தா எனப்படும் அமுக்கராவும், சதாவரி எனப்படும் தண்ணீர்விட்டான் கிழங்கும் சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் நெடுங்காலமாக இருப்பவை. மத்தியப் பிரதேசத்தின் நீமச் சந்தையிலிருந்து அமுக்கரா வேர் நாடெங்கும் போகிறது. புதிதாக வந்திருப்பது 'அடாப்டோஜன்' என்ற பெயர்தான். உடல் நெருக்கடியைத் தாங்க உதவும் பொருள் என்ற கருத்தில், 1947-இல் சோவியத் விஞ்ஞானி லசாரெவ் வைத்த பெயர் அது. இன்று அந்தப் பெயரோடு டப்பாவில் அடைத்து விலையை ஏற்றி விற்கிறார்கள்.

அமுக்கரா மன உளைச்சலைக் குறைக்கிறது, தூக்கத்துக்கு உதவுகிறது என்று சில சிறிய ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் அமுக்கராவோ தண்ணீர்விட்டானோ பெண்களுக்குக் கரு உண்டாக்கும் என்று பெரிய ஆய்வு எதுவும் நிறுவவில்லை. கருக்குழாய் அடைப்போ, தைராய்டு கோளாறோ, கணவரிடம் விந்தணுக் குறைவோ இருந்தால், மனம் அமைதியானதால் மட்டும் அது தீர்ந்துவிடாது.

இதில் முதல் நஷ்டம் காலம். ஓராண்டு முயன்றும் கரு தங்காவிட்டால் கணவன், மனைவி இருவரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பெண்ணுக்கு வயது 35-ஐத் தாண்டியிருந்தால் ஆறு மாதமே கெடு. நம் வாக்கை நம்பி இரண்டு வருஷம் பொடி கலக்கிக் குடித்தவருக்கு அந்தக் காலத்தை யார் திருப்பித் தருவது?

இரண்டாவது, ஆபத்து. கர்ப்பிணிகள் அமுக்கரா சாப்பிடக்கூடாது என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். கருவுக்காக முயலும் பெண், தான் கருவுற்றதை அறியாமலே சில வாரம் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கக் கூடும். தைராய்டு மாத்திரையின் வேலையிலும் அது குறுக்கிடலாம்; சிலருக்குக் கல்லீரல் பாதிப்பும் வந்துள்ளது. டென்மார்க் நாடு 2023-இல் அமுக்கராவைத் தடை செய்தது. அந்தத் தடை நம் நாட்டில் இல்லை; ஆனாலும் அதன் காரணத்தை விற்கிற நாம் அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, சட்டம். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டத்தின் அட்டவணையில் பெண்களின் மலட்டுத்தன்மையும் இருக்கிறது. அதைத் தீர்க்கும் மருந்து என்று விளம்பரம் செய்வது குற்றம். துண்டறிக்கை, லேபிள் மட்டுமல்ல, வாய்மொழி அறிவிப்பும் அந்தச் சட்டத்தின்படி விளம்பரமே. கடை முன்னால் 'குழந்தைப் பேறு தரும் பொடி' என்று அட்டை எழுதித் தொங்கவிடுபவர்கள் இன்றே அதைக் கழற்றிவிட வேண்டும்.

ஆகவே நாம் கேட்டுக்கொள்வது இதுதான். அமுக்கராவை முழு வேராகவே வாங்குங்கள். பொடியில் இலை கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. இலையைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஆயுஷ் அமைச்சகமே 2021-இல் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. கருவுக்காகக் கேட்டு வருபவரிடம், "டாக்டரையோ, பட்டம் பெற்ற சித்த வைத்தியரையோ பார்த்தீங்களா? வேற மாத்திரை சாப்பிடுறாங்களா?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். "நாள் தள்ளிப்போனா உடனே நிறுத்திடச் சொல்லுங்க" என்ற வார்த்தையையும் பொட்டலத்தோடு கொடுங்கள்.

"நாம் சொல்லாவிட்டால் பக்கத்துக் கடைக்காரர் சொல்லி விற்றுவிடுவாரே" என்று சிலர் கேட்கலாம். விற்கட்டும். நூறு கிராம் பொடியின் லாபம் சில ரூபாய். ஏமாந்து போன குடும்பம் மறுபடி அரிசி, பருப்புக்குக் கூட நம் படியேறாது. உண்மை சொல்லி அனுப்பிய குடும்பமோ, பேரப்பிள்ளை காலம் வரை நம் கடைக்கே வரும்.