உண்மையென்னும் முத்திரை

கணினியில் ஓட்டும் போர்விமானச் சிமியுலேட்டர்கள் 'அசலுக்கு நேர்' எனக் கூறி விற்கப்படுகின்றன. எமது லயத்து இளைஞரும் அதனை நம்பி, எவ்விமானம் எதனை வெல்லும் என வாதிடுகின்றனர். விடிந்தாலும் ஓயாத வாதம் அது. இந்நம்பிக்கையை நாம் மறுக்கின்றோம்.

1942 ஏப்ரல் 5இல் கொழும்பின் மேல் ஜப்பானிய சீரோக்களுடன் பொருதிய ஹரிக்கேனை மீட்டுருவாக்கலாம். அதன் கைந்நூல்கள் இன்று எவர்க்கும் கிட்டும். எப்-16இன் நிலை வேறு. அதன் கைந்நூல்களை இணைய ஏலத்தில் வாங்கி நாடு கடத்த முயன்றமைக்காகச் சிமியுலேட்டர் நிறுவனமொன்றின் ருஷ்ய ஊழியர் 2019இல் அமெரிக்க நீதிமன்றில் நிறுத்தப்பட்டார். வேகத்தையும் ஏறுதிறனையும் ஓரளவு கணித்துவிடலாம். ராடார் எத்தொலைவிற் காணும், எதிரியின் மின்னணுக் குழப்பலுக்கு எவ்வாறு ஈடுகொடுக்கும் என்பனவோ பூட்டிய அலுமாரிக்குள் உள்ளன. அங்கே நிரலாளர் ஊகிக்கின்றார். ஊகித்தல் குற்றமன்று; ஊகத்தின்மேல் உண்மையென முத்திரை குத்துவதே குற்றம்.

'இரகசியம், என்செய்வோம்' என்பாரை ஒன்று கேட்போம்: எது அளந்தது, எது ஊகித்தது எனக் குறித்துவைப்பதில் என்ன தடை? சபரகமுவத் தோட்டங்களில், கொழுந்து நிறுவையின்போது ஈரத்துக்கும் சாக்குக்குமெனக் கழிக்கப்படும் கிலோவுக்குக் கணக்குக் கேட்ட தாய்மாரின் பிள்ளைகள் நாம். அதே கணக்கை இங்கும் கேட்கின்றோம்.