டிஜிட்டல் நாணயத்தைப் பத்திரிகைகள் ஏன் ஏசுகின்றன?



சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்த வேளையில், சில்லறை மளிகை நடத்தும் இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்தார். "பேப்பரைத் திறந்தா பிட்காயின் மோசடி, கிரிப்டோ கொள்ளைன்னுதான் இருக்கு அண்ணாச்சி. ஒரு நாளாவது நல்ல சேதி போடுறாங்களா? பெரிய பாங்குக்காரங்க சொல்லித்தான் இப்படி எழுதுறாங்க. அதில் ஏதோ நல்லது இருக்கு, நமக்குத் தெரியக் கூடாதுன்னு மறைக்கிறாங்க" என்றார். பக்கத்தில் நின்ற நாலைந்து பேர் ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

நமக்குச் சுருக்கென்றது. இதே பேச்சை, ஏறக்குறைய இதே வார்த்தைகளில், முன்பே ஒருவர் வாயால் கேட்டிருக்கிறோம். அவருடைய பாக்கி இன்னும் நமது பேரேட்டில் நிற்கிறது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறோம்.

பத்திரிகைகள் எப்படி எழுதும் என்பதை வியாபாரிகளாகிய நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2015 அக்டோபரில் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். 2014, 2015 இரண்டு வருடமும் மழை பொய்த்து விளைச்சல் குறைந்தது. அந்தச் சேதி உள்பக்கத்தில் நாலு வரி. 'பதுக்கல்' என்ற சொல் மட்டும் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில். நாடெங்கும் கிடங்குகளில் சோதனை போட்டார்கள், இருப்பு வைக்க வரம்பு கட்டினார்கள். பதுக்கியவன் ஒருவனும் இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒழுங்காகப் பில் போட்டு விற்றவனுக்கும் அதே பெயர்தான் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் நமது பேரனை மற்றப் பிள்ளைகள் கேட்டார்களாம், உங்க தாத்தா எத்தனை மூட்டை ஒளிச்சு வச்சிருக்காரு என்று.

அடுத்த பருவத்தில் விளைச்சல் கொட்டியது. 2017 தொடக்கத்தில் துவரை விலை, குவிண்டாலுக்கு 5,050 ரூபாய் என்ற ஆதரவு விலைக்கும் கீழே போயிற்று. கூடுதல் விலைக்குக் கொள்முதல் செய்து அடுக்கியிருந்த மண்டிக்காரர்கள் மூட்டைக்கு மூட்டை கைப்பிடித்தம் கண்டோம். அதை எந்தப் பேப்பர் முதல் பக்கத்தில் போட்டது?

இதைச் சொல்வது பழைய புண்ணைக் கிளற அல்ல. ஆயிரம் கடை காலையில் திறந்து இரவில் ஒழுங்காக மூடினால் அது செய்தி ஆகாது. ஒரு கடையில் மிளகாய்த் தூளில் கலப்படம் பிடிபட்டால் செய்தி. அது அவர்கள் தொழிலின் வழக்கம். பிட்காயின் விஷயத்திலும் பாதிக்கு மேல் இதுதான் நடக்கிறது. லாபம் பார்த்தவர் வாயே திறக்க மாட்டார். 2022 ஏப்ரல் 1 முதல் அந்த லாபத்துக்கு 30 சதவீத வரி, ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் வழியில்லை. போதாததற்கு மைத்துனர் கைமாற்றுக் கேட்பார் என்ற பயம் வேறு. நஷ்டப்பட்டவர் நேரே காவல் நிலையத்துக்குப் போகிறார். குற்றச் செய்தி எழுதும் நிருபர் தினம் போய் நிற்கும் இடமும் அதுதான். ஆகவே நமது தமிழ்ப் பேப்பர்களில் இந்தச் சமாச்சாரம் வணிகப் பக்கத்தில் வருவதைவிட, நகை பறிப்புச் செய்திக்குப் பக்கத்தில்தான் அதிகம் வருகிறது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பருப்பு விலை ஏறினால் நிருபர் சங்கத் தலைவருக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை கேட்கலாம். பிட்காயினுக்கு யாரைக் கேட்பது? அதற்குத் தலைமை அலுவலகம் கிடையாது, முதலாளி கிடையாது. 2008ல் சடோஷி நகமோட்டோ என்ற பெயரில் அதன் திட்டத்தை வெளியிட்டவர் யார் என்றே இதுவரை உறுதியாகத் தெரியாது. பதில் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் ரிசர்வ் வங்கி சொல்வதும், அமலாக்கத் துறை சொல்வதும்தான் அச்சாகும். ரிசர்வ் வங்கியோ 2013 டிசம்பரிலிருந்தே எச்சரித்து வருகிறது. 2018 ஏப்ரலில், இந்த வியாபாரத்துக்கு வங்கிகள் துணை போகக் கூடாது என்று தடையே போட்டது. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. பிறகும் 2022 பிப்ரவரியில், அப்போது கவர்னராக இருந்த சக்திகாந்த தாஸ், இவற்றுக்கு ஒரு துலிப் பூவின் மதிப்புகூடக் கிடையாது என்ற பொருள்பட எச்சரித்தார். நாட்டின் பணத்துக்குப் பொறுப்பான வங்கியின் கவர்னர் அப்படிச் சொன்னால் எந்தப் பத்திரிகைதான் போடாமல் இருக்கும்?

இனி, வங்கிக்காரர்கள் சொல்லித்தான் எழுதுகிறார்கள் என்ற பேச்சுக்கு வருவோம். அதை நாம் நம்பவில்லை. 2021 அக்டோபர், நவம்பர் மாதங்களை நினைத்துப் பாருங்கள். இருபது ஓவர் உலகக் கோப்பை நடந்த சமயம். கிரிப்டோ கம்பெனிகளின் விளம்பரம் டிவியில் ஓவருக்கு ஓவர் வந்தது, பத்திரிகைகளில் முழுப் பக்கம் வந்தது. இன்று ஏசுகிறார்கள் என்று நாம் சொல்லும் இதே பத்திரிகை உலகம்தான் அன்று அந்தப் பணத்தையும் வாங்கிக்கொண்டது. அந்த நவம்பரில் பிட்காயின் 69,000 டாலர் அளவுக்கு உச்சத்தில் இருந்தது. விளம்பரத்தைப் பார்த்து அந்த விலைக்கு வாங்கியவர், ஒரு வருடம் கழித்து 16,000 டாலருக்கும் கீழே அதைப் பார்க்க வேண்டியிருந்தது. இந்த வியாபாரம் நெறிமுறைப்படுத்தப்படாதது, மிகுந்த ஆபத்துள்ளது என்று விளம்பரத்திலேயே எழுத வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரலில்தான் அமலுக்கு வந்தது. அதற்குள் வாங்க வேண்டியவர்கள் வாங்கி முடித்திருந்தார்கள். பத்திரிகையின் ஏச்சால் நம்மவர்கள் இழந்ததைவிட, பத்திரிகை காசு வாங்கிக்கொண்டு போட்ட புகழ்ச்சியால் இழந்தது அதிகம் என்பதுதான் நமது எண்ணம்.

ஏச்சில் உண்மையே இல்லையா என்றால், நிறையவே இருக்கிறது. மாதம் 10 சதவீதம் வீதம் 18 மாதம் தருகிறோம் என்று ஆள் பிடித்த கெயின் பிட்காயின் வழக்கு நாடறிந்தது. அமெரிக்காவில் எஃப்டிஎக்ஸ் என்ற கம்பெனி 2022 நவம்பரில் திவாலாயிற்று. வாடிக்கையாளர் பணத்தை எடுத்துக் கையாண்ட அதன் முதலாளிக்கு 2024 மார்ச்சில் 25 வருடச் சிறை. நமது நாட்டில் வாசிர்எக்ஸ் என்ற சந்தையிலிருந்து 2024 ஜூலையில் ஏறக்குறைய 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள நாணயங்களை இணையத் திருடர்கள் கொண்டு போனார்கள். அங்கே கணக்கு வைத்திருந்தவர்கள் ஒரு வருடத்துக்கும் மேல் காத்துக் கிடந்தார்கள். இதையெல்லாம் எழுதியது தப்பு என்று எந்த வியாபாரி சொல்ல முடியும்?

அப்படியானால் நமது குறை எதில்? எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டுகிறார்களே, அதில்தான். ரிசர்வ் வங்கியே வெளியிடும் டிஜிட்டல் ரூபாய் ஒன்று. யாருக்கும் கட்டுப்படாமல் விலை ஏறி இறங்கும் பிட்காயின் வேறொன்று. நேற்று எவனோ பெயர் வைத்து, தினம் ஒரு சதவீதம் வட்டி என்று வாட்ஸ்அப்பில் ஆள் சேர்க்கும் போலி நாணயம் இன்னொன்று. மூன்றுக்கும் ஒரே தலைப்பு, 'டிஜிட்டல் கரன்சி மோசடி'. குழப்பத்தில் அரசாங்கத்துக்கும் பங்குண்டு. 2022 பிப்ரவரி 1ம் தேதி பட்ஜெட் உரையில், டிஜிட்டல் ரூபாய் வரப் போகிறது என்ற அறிவிப்பும், கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி என்ற அறிவிப்பும் சேர்ந்தே வந்தன. அரசாங்கமே பிட்காயினை ஒப்புக்கொண்டுவிட்டது என்று மறுநாள் நமது மண்டியிலேயே ஒருவர் அடித்துப் பேசினார்.

டிஜிட்டல் ரூபாய் என்பது வேறு ஒன்றுமில்லை. நோட்டாக அச்சடிப்பதை மின்னணுவாக வெளியிடுகிறார்கள். ஒரு ரூபாய் என்றால் ஒரு ரூபாய்தான், ஏறாது, இறங்காது, வட்டியும் தராது. 2022 டிசம்பர் 1ம் தேதி மும்பை, டெல்லி, பெங்களூர், புவனேஸ்வர் ஆகிய நான்கு நகரங்களில் பொதுமக்களிடம் சோதனையாக விட்டார்கள். இப்போது கடையில் தொங்கும் யுபிஐ அட்டையிலேயே அதையும் வாங்கலாம். இதை விளக்க வந்த வங்கி ஊழியரை நமக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர், "பிட்காயின் வேலையெல்லாம் இங்க வேண்டாம் தம்பி" என்று வாசலோடு அனுப்பிவிட்டார். வரி பயத்தில் மறுத்திருந்தால் அது வேறு விஷயம். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவைக் கணக்கிட்டு ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்ததும், பெங்களூரில் பல சிறு கடைக்காரர்கள் ரொக்கம் மட்டும் என்று எழுதி மாட்டினார்கள். அந்தப் பயம் நமக்குப் புரிகிறது. இவர் மறுத்ததோ பேப்பரில் பார்த்த தலைப்பினால்.

இது சின்ன நஷ்டம். பெரிய நஷ்டம், ஆரம்பத்தில் சொன்னோமே, அந்தப் பேரேட்டுக் கதை. 2023 தீபாவளிக்கு நம்மிடம் பருப்பு, எண்ணெய், சீனி என்று கடனுக்குச் சரக்கு எடுத்த ஒரு தம்பி, விற்ற பணத்தை நமக்குக் கட்டாமல் ஒரு நாணயச் செயலியில் போட்டார். பெயர் வேண்டாம். தினம் வட்டி என்றார்கள், முதல் மாதம் கொடுக்கவும் செய்தார்கள். சேதி காதில் விழுந்ததும் அவரைக் கூப்பிட்டு, பேப்பரில் கத்தரித்து வைத்திருந்த துணுக்குகளை எடுத்துப் போட்டு, "எல்லாம் ஃபிராடு, உடனே எடு" என்று சத்தம் போட்டோம். அவர் செல்போனை நீட்டி, "பாருங்க அண்ணாச்சி, பிட்காயின் செத்துப் போச்சுன்னு போன வருசம் இதே பேப்பர்ல போட்டான். இன்னிக்கு டபுள் ஆயிருக்கு" என்றார். அவர் சொன்னது உண்மைதான். அன்று நமக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் போட்ட நாணயத்துக்கும் பிட்காயினுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்று எடுத்துச் சொல்ல, பள்ளிப் படிப்போடு மண்டிக்கு வந்த நமக்கு அப்போது விவரம் போதவில்லை. பத்திரிகை எல்லாவற்றையும் சேர்த்து ஏசியது. அதைப் படித்த நாமும் சேர்த்து ஏசினோம். ஒரு இடத்தில் ஏச்சு பொய்த்ததும், நிஜமாகவே ஆபத்து இருந்த இடத்தில் அவர் நம் பேச்சைக் கேட்கவில்லை. மூன்று வாரத்தில் செயலி திறக்கவில்லை. போனது 3 லட்சத்து 40 ஆயிரம். அதில் பெரும்பகுதி நமது சரக்கின் பணம்.

சங்கத்துக்கு நாம் வைக்கும் கோரிக்கை இதுதான். நமது இதழில் மார்க்கெட் நிலவரம் வரும் பக்கத்தில் கால் பக்கம் ஒதுக்கி, ரிசர்வ் வங்கி எதை எச்சரிக்கிறது, எதைத் தானே வெளியிடுகிறது என்று பிரித்து, நல்ல தமிழில் மாதா மாதம் போட வேண்டும். வங்கி மேலாளர் ஒருவரை அடுத்த கூட்டத்துக்கு அழைத்து, டிஜிட்டல் ரூபாயை எல்லோர் கண் முன்னாலும் வாங்கிக் கொடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். செலவு டீயோடு முடிந்துவிடும்.

அந்தத் தம்பி கடையை விடவில்லை. மாதம் 5ம் தேதி தவறாமல் வந்து 5,000 ரூபாய் கட்டுகிறார். சிட்டையில் வரவு வைக்கும்வரை நமது மேஜையில் கிடக்கும் பேப்பரைப் புரட்டுவார். இந்த மாதம் வந்தவர் ஒரு மோசடிச் செய்தியைப் படித்துவிட்டு, "அண்ணாச்சி, இதில் சொல்லியிருக்கிறது எந்த நாணயம்?" என்று கேட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுச் செய்தியையும் இரண்டு தடவை படித்தோம். அது எங்கேயும் இல்லை.