மீன் தொட்டிக்கு அடியில் தெர்மாகோல்... போடலாமா, கூடாதா?

பிள்ளைகள் நச்சரித்து மீன் தொட்டி வாங்கியாகிவிட்டது. டிவிக்குப் பக்கத்தில் இடமும் பார்த்தாச்சு. அடியில் தெர்மாகோலோ ஃபோம் ஷீட்டோ போட வேண்டுமா? காலித் தொட்டியைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

அடிக்கண்ணாடி முழுசாக மேஜையில் படிகிறதா? கட்டாயம் போடுங்கள். கண்ணாடி வளைந்துகொடுக்காது. அடியில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் அந்தப் புள்ளியில் அழுத்தம் கூடி, விரிசல் விடலாம். ஷீட் அந்த மேடுபள்ளத்தை வாங்கிக்கொள்ளும். வழவழப்பான கிரானைட் மேடைக்கும் இதேதான்.

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டியில் தண்ணீர் மட்டுமே சுமார் 56 கிலோ. குறுக்குத்துறையில் குளிக்கப்போனபோது பொறுக்கிவந்த தாமிரபரணிக் கூழாங்கற்களையும் போட்டால், கேட்கவே வேண்டாம்!

சுற்றிலும் பிளாஸ்டிக் ஃபிரேம் போட்டு, அடிக்கண்ணாடி மேஜையில் படாமல் சற்று உயர்ந்து நிற்கிறதா? அப்போது ஷீட் வேண்டாம். அங்கே பாரத்தைத் தாங்குவது ஃபிரேம்தான். அது ஃபோமில் அமிழ்ந்தால், நடுவிலுள்ள ஃபோம் கண்ணாடியை மேல்நோக்கி நெருக்கும். பாதுகாப்புக்குப் போட்டதே வினையாகிவிடும்.

அரை இன்ச் தெர்மாகோல் போதும். சோபா ஸ்பாஞ்ச் உதவாது. ஆடுகிற மேஜையை எந்த ஷீட்டும் சரிசெய்யாது. கால் பாகம் தண்ணீர் ஊற்றி, நான்கு மூலையிலும் நீர்மட்டம் ஒரே உயரமா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

ஏற்கெனவே நிரப்பிவிட்டீர்களா? ஆளுக்கொரு பக்கம் தூக்கி ஷீட்டைச் செருகாதீர்கள். மீன்களை அதே தண்ணீரோடு வாளிக்கு மாற்றி, கற்களை எடுத்து, தொட்டியைக் காலிசெய்த பிறகு தூக்குங்கள்.