வயரிங் டயகிராமா, இடியாப்பமா?

மோட்டார் சைக்கிள் சர்வீஸ் மேனுவலின் கடைசியில் பெரிய தாள் ஒன்று மடித்து வைத்திருப்பார்கள். விரித்தால், வண்டியில் இருக்கும் அத்தனை வயரும் அதில் ஓடும். ஹெட்லைட், ஹாரன், ஸ்டார்ட்டர் மோட்டார், டெயில் லைட்... எதுவுமே விட்டுப்போயிருக்காது. தகவலில் குறை சொல்லவே முடியாது. என்ன, படிக்கத்தான் முடியாது :-)

காரணம் எளிது. அந்தப் படத்தை வரைந்தவருக்கு இருந்த கேள்வி, "எல்லா வயரும் வந்துவிட்டதா?" என்பது. அதைப் பார்ப்பவருக்கு இருக்கும் கேள்வி, "ஹாரன் ஏன் அடிக்கவில்லை?" என்பது. முதல் கேள்விக்கு எழுதிய பதிலை இரண்டாவது கேள்வி கேட்பவர் கையில் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? மடித்து வைத்துவிட்டு டெஸ்ட் லாம்ப்பை எடுத்துக்கொண்டு வயர் வயராகக் குத்திப் பார்ப்பார்.

காமர்ஸ் மாணவர்களுக்கு இது பழகிய விஷயம்தான். ஜர்னலில் எல்லா வரவு செலவும் இருக்கிறது. ஆனால் "முருகன் அண்டு கோ எவ்வளவு பாக்கி?" என்று கேட்டால் யாரும் ஜர்னலை முதல் பக்கத்திலிருந்து புரட்டுவதில்லை. லெட்ஜரைத் திறந்து அந்தக் கணக்கை மட்டும் பார்ப்பார்கள். வயரிங் டயகிராம் இன்னும் ஜர்னலாகவே இருக்கிறது. அதற்கு ஒரு லெட்ஜர் வேண்டும் என்பதுதான் இங்கே வாதம்.

ஹாரனையே எடுத்துக்கொள்வோம். பேட்டரி, ஃபியூஸ், இக்னிஷன் சுவிட்ச், ஹாரன் பட்டன், ஹாரன், எர்த். வண்டிக்கு வண்டி வரிசை கொஞ்சம் மாறலாம். மொத்தமே ஆறு நிறுத்தங்கள். அரைப் பக்கத்தில் வரைந்துவிடலாம். மேலே பேட்டரியின் பிளஸ், கீழே எர்த், நடுவில் மேலிருந்து கீழாக ஒரே கோடு. கோடு எங்கே அறுந்திருக்கிறது என்று பாதியில் ஒரு இடத்தில் மீட்டர் வைத்துப் பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் கார்களின் படங்கள் பல காலமாக இப்படித்தான் வருகின்றன. மேலே மின்சாரம் வரும் கோடுகள், கீழே எர்த், இடையில் எண்ணிட்ட தடங்கள்.

பெரிய படத்தில் இதே ஹாரன் வயர் ஏன் சுற்றி வளைத்துப் போகிறது? அந்தப் படம் இரண்டு வேலைகளை ஒன்றாகச் செய்யப் பார்க்கிறது. எது எதோடு சேர்கிறது என்றும் காட்ட வேண்டும். ஹெட்லைட் ஒரு ஓரம், டெயில் லைட் மறு ஓரம் என்று வண்டியின் உருவத்தையும் விடக்கூடாது. இரண்டும் சேர்ந்தால் இடியாப்பம்தான். லண்டன் பாதாள ரயிலுக்கு 1933-ல் வந்த ஹாரி பெக்கின் வரைபடம் நினைவிருக்கிறதா? நிலப்பரப்பை விட்டுவிட்டு, எந்த நிலையத்துக்குப் பிறகு எது, எங்கே மாறலாம் என்பதை மட்டும் நேர்கோடுகளில் காட்டியது. உலகமே அதைப் பின்பற்றியது.

ஆனால் மெக்கானிக்குக்கு இடமும் தெரிய வேண்டுமே? உண்மைதான். அதற்குத் தனிப் பக்கம் போடலாம். வண்டியின் படம், அதில் ஒவ்வொரு கப்ளரும் எங்கே ஒளிந்திருக்கிறது என்ற குறி: டேங்குக்கு அடியிலா, சீட்டுக்கு அடியிலா, ஹெட்லைட் டூமுக்குள்ளா? கூடவே கப்ளரின் முகம், எந்தப் பின்னில் எந்த நிற வயர். அதையும் வயர் நுழையும் பக்கத்திலிருந்து பார்த்து வரைந்ததா, எதிர்ப்பக்கத்திலிருந்தா என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் இடம் வலமாகிவிடும்.

அடுத்த தலைவலி நிறம். 1980-களின் நடுவில் ஹீரோ ஹோண்டா, டிவிஎஸ் சுசுகி, எஸ்கார்ட்ஸ் யமஹா, பஜாஜ் கவாசாகி என்று நான்கு ஜப்பான் கூட்டணிகளின் 100 சிசி வண்டிகள் இந்தியச் சாலைகளுக்கு வந்தன. ஜப்பானில் இந்த நான்கு நிறுவனங்களுக்கும் நான்கு வயரிங் வழக்கம். எர்த் என்றால் ஹோண்டாவில் பச்சை, யமஹாவில் கறுப்பு, சுசுகியில் கறுப்பு-வெள்ளை, கவாசாகியில் கறுப்பு-மஞ்சள். ஹோண்டாவில் கறுப்பு என்பது சாவியைத் திருப்பினால் கரண்ட் வரும் வயர்! யமஹாவில் தொழில் பழகியவர் ஹோண்டாவின் கறுப்பை எர்த் என்று நம்பி ஃபிரேமில் சேர்த்தால் ஃபியூஸ் போகும். அந்த ஃபியூஸுக்குப் பதில் யாராவது சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுருட்டி வைத்திருந்தால், போவது வயரிங் செட். சில நேரம் வண்டியே.

எழுத்துச் சுருக்கமும் அப்படித்தான். 'பிஎல்' என்று போட்டால் ஹோண்டா மேனுவலில் கறுப்பு, சுசுகி மேனுவலில் நீலம். யமஹாவில் நீலத்துக்கு வெறும் 'எல்'. ஒரே வரி விளக்கம் பக்கத்திலேயே இருந்தால் பிரச்சினை இல்லை. அது பத்துப் பக்கம் தள்ளி இருந்தால்? ஜெரிக்ஸ் எடுத்தவர் அந்தப் பக்கத்தை எடுக்காமல் விட்டிருந்தால்?

நிறத்தை மட்டும் நம்பாமல் எண்ணையும் நம்பலாம். ஜெர்மனியின் டிஐஎன் 72552 தரத்தில் 30 என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது, 15 என்றால் சாவி போட்டால் வருவது, 31 என்றால் எர்த். எந்தக் கம்பெனி, எந்த நிறம் என்பது பிரச்சினையே இல்லை. எண்ணுக்குக் கறுப்பு-வெள்ளை ஜெரிக்ஸிலும் உயிர் உண்டு. சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாத கண்களுக்கும் அது தெரியும்.

இதற்கு வழக்கமாக வரும் பதில், "அனுபவம் உள்ள மெக்கானிக் படமா பார்க்கிறார்?" என்பது. பழைய வண்டிக்கு அது சரி. வயர் குறைவு, கையே பழகிவிடும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்த பிறகு பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய் ஃபியூவல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. கூடவே ஈசியூ, சென்சார்கள். இங்கே தெரியாமல் குத்திப் பார்த்தால் கையைக் கடிக்கும். ஸ்கேனர் இருக்கிறதே என்றால், அது எந்த சென்சார் சர்க்யூட்டில் கோளாறு என்று சொல்லும். சென்சார் போனதா, நடுவில் வயர் அறுந்ததா, கப்ளரில் தண்ணீர் புகுந்ததா என்பதை வயரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். தேட முடியாதவர் சென்சாரை மாற்றுவார். அப்புறம் ஈசியூவை மாற்றுவார். பில் யாருக்கு? வண்டி ஓட்டிப் பிழைக்கும் டெலிவரி பையனுக்கு.

"எளிதாக்கினால் கண்டவனும் கை வைப்பான்" என்பது இன்னொரு பதில். கண்டவனும் ஏற்கெனவே கை வைத்துக்கொண்டுதான் இருக்கிறான். படம் புரியாமல் வைக்கிறான் என்பதுதான் ஆபத்து.

பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் ஒரு குழு அமைத்தபோது, வாகனங்களையும் அதில் சேர்த்தது. நல்ல விஷயம். ஆனால் மேனுவலைக் கையில் கொடுப்பது மட்டும் உரிமை ஆகாது. ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் ஒரு பக்கம், இடம் காட்ட ஒரு பக்கம், எந்த ஃபியூஸில் எவையெல்லாம் தொங்குகின்றன என்று ஒரு பட்டியல், பாகங்களின் பெயர் தமிழிலும். இவ்வளவுதான் தேவை. புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டாம். வண்டியைச் செய்த கம்பெனியிடம் இந்தத் தகவல் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. ஒருமுறை உட்கார்ந்து பிரித்து எழுதினால் போதும். அதை அவர்கள் செய்யாததால், ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு மெக்கானிக்கும் அதே வேலையைத் தினமும் வெயிலில் உட்கார்ந்து செய்துகொண்டிருக்கிறார்.